போக்கிய வீட்டுச் சொர்ணம்

முக்காலியை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். வேலையிலிருந்து வந்த சொர்ணம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளி, காலால் ஒரு தட்டுத் தட்டிச் சுவரோடு ஒட்டவைக்கிறாள். பக்கத்து வீட்டுப் பார்வதம் வந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போயிருப்பாள். "குந்து, வேணான்னு சொல்லல. எய்ந்துக்கும்போது இருந்த எடத்துல வச்சிட்டுப் போ" என்று பார்வதத்திடம் சொல்லிச் சொல்லிச் சொர்ணத்துக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மேனாம்பேட்டில் கோதண்டத்தின் வீட்டுப் பின்பக்கத்தில் இருக்கிறது அவள் குடித்தனம். ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, அதைத் தாண்டினால் கொல்லை. வாசற்கதவிலிருந்து வலக்கைப் பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே போனால் மூலையில் சமையற்கட்டு வாசல் வரும். உள்ளே நுழைந்ததும் தண்ணீர்ப் பானை, மூடிமேல் கவிழ்த்த லோட்டா, அடுத்து மூடி வைத்த சோறு. கொல்லைக் கதவிலிருந்து கக்கூஸ் வரை ஒரு கயிறு கட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதில் துணி போடப் போய் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

கயிறும் பானையும் சுவரும் அவள் புருஷன் தேவராஜுக்காக. பாடியில் ஒரு வார்ப்படப் பட்டறையில் இருந்தான். கொதிக்கிற இரும்பு தெறித்து இரண்டு கண்ணும் போயிற்று. பட்டறைக்காரர்கள் கொடுத்த நஷ்டஈட்டைப் புருஷனும் பெண்டாட்டியும் அப்படியே கொண்டுவந்து கோதண்டத்திடம் போக்கியத்துக்குக் கொடுத்தார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருக்கலாம். கெடு முடிந்ததும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு காலி செய்ய வேண்டும், அல்லது வீட்டுக்காரர் மனசு வைத்தால் இன்னொரு மூன்று வருஷம். வந்த புதிதில் தேவராஜ் இடித்துக்கொள்ளாத சுவர் இல்லை. முழங்கால் காயம் ஆறுவதற்குள் அடுத்த காயம். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே போய், ஒருநாள் தானாக எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு குடித்தான். மறுநாளே சொர்ணம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனிக்குப் பெருக்கப் போனாள். அன்றிலிருந்து அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். "இன்னொரு ஊடு பயக எனுக்குத் தெம்பு கெடையாது" என்று தேவராஜ் சொல்லிவிட்டான். அவனைத் தனியே விட முடியாத வீடு என்றால் அவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சோறு இல்லை.

கோதண்டத்துக்கு ஒரு பழைய சூடு உண்டு. குமணன்சாவடியில் அவருக்கு இருந்த வீட்டைக் குடியிருந்தவன் விடமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டான். கோர்ட்டுக்கு நடந்து செருப்புத் தேய்ந்தது. அதிலிருந்து ஒரு சட்டம் வைத்திருக்கிறார். கெடு முடிகிற அன்று ஒரு துரும்பு விடாமல் வெளியே எடுத்துவிட வேண்டும். அவர் வெள்ளையடித்து, தனியாக உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்வார். நீட்டிப்பதானால் சாயங்காலம் வெற்றிலைத் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுப்பார், புதுக் குடித்தனம் வந்தாற்போல.

இப்படியே பழகிப்போனதால் சொர்ணம் சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. தன்னால் ஒண்டியாகத் தூக்க முடியாத எதையும் வாங்க மாட்டாள். தவணையில் பீரோ விற்க வந்தவனிடம், "பீரோவ நான் தூக்குவேனா, பீரோ என்னத் தூக்குமா?" என்று கேட்டு அனுப்பினாள். சாமான்களை எடுத்த வரிசைக்கு நேர் எதிராகக் கொண்டுவந்து வைப்பாள். ஒவ்வொரு தடவையும் அன்று சாயங்காலமே தேவராஜ் லோட்டாவைத் தேடாமல் எடுத்திருக்கிறான்.

எழுபத்தாறாம் வருஷம் அடுத்த கெடு நெருங்கியபோது கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் கூடுதலாகத் தருகிறேன் என்று கோதண்டத்திடம் கேட்டிருந்தார். தீபாவளியிலிருந்து சொர்ணம் போய்ப் போய் நிற்பாள். "பாக்கலாம்" என்பார் கோதண்டம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பொங்கல் வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாளும் வந்தது. வெளியே புங்கமரத்தடியில் சாமான்களை இறக்கினாள். டிரங்குப் பெட்டியின்மேல் தேவராஜ், பக்கத்தில் பானை. பானைமேல் வைத்த கையை அவன் எடுக்கவில்லை. மத்தியானம் கொத்தனார் ஒருவர் கோதண்டத்தோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திம் திம்மென்று சத்தம். தேவராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இன்னாடி பண்றாங்கோ?"

"வெள்ள அடிக்கிறாங்கோ."

"வெள்ள அடிக்கக் கடப்பாறை இன்னாத்துக்கு?"

கோதண்டம் வீட்டையே இடிக்கிறார் என்று சொர்ணம் நினைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் சாவி வரவில்லை. பார்வதத்தின் மாட்டுக்கொட்டகையில் படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் மறுபடி மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

மத்தியானம் கோதண்டம் தட்டோடு வந்தார். வெற்றிலைமேல் சாவி இருந்தது.

"மூணு வருசம் நிம்மதியா இரு சொர்ணம். சூப்பர்வைசர வேணான்னுட்டேன். சமையக்கட்டு வாசல மட்டும் அந்தாண்ட மூலைக்கு மாத்திக்கீறேன். மனை பாத்தவரு சொன்னாரு, அதனாலதான் பொண்ணுக்கு வரன் தட்டிப்போவுதாம். ஊடு காலியா இருக்கசொல்லவே செஞ்சிட்டா தேவலன்னு செஞ்சிட்டேன். உங்களுக்கும் நல்லதுதான்."

நல்ல மனசோடுதான் சொன்னார். கேட்டது கிடைத்துவிட்டதே, இனி எதைச் சொல்லி அழுவது? "சரி நைனா" என்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

கோதண்டம் போனதும் தேவராஜ் எழுந்து கையை நீட்டினான். வாசலை மாற்றிய பேச்சை அவனும் கேட்டிருந்தான்.

"போலாமா?"

"நீ குந்துயா. ஒரே தூசா கீது. பெருக்கிட்டு வந்து இட்டுனு போறேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பழைய வாசலை அடைத்த இடத்தில் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. துடைப்பத்தைக் கீழே போட்டாள். முந்தானையை எடுத்துக் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாசற்படியிலிருந்து வலக்கைப் பக்கச் சுவரைத் தடவியபடி நடந்தாள். மூலை வந்ததும் கால் தானாக உள்ளே திரும்பியது. நெற்றி சுவரில் மோதியது. பிறகு கண்கட்டை அவிழ்க்காமல் தடவித் தடவி வாசற்படிக்கே திரும்பிவந்து, இந்தத் தடவை இடக்கைப் பக்கச் சுவரில் கையை வைத்தாள்.