ஏஷ்லிமன் தொடாத திருகாணி

எர்வின் ஏஷ்லிமன் முப்பத்தைந்து வருஷம் பாலில் தண்ணீர் தேடியவர். சுவிட்சர்லாந்தின் எம்மென்டால் பள்ளத்தாக்கில் பால் பரிசோதகராக இருந்த காலத்தில், அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே யோக்கியமான விவசாயிகூடப் பால் கேனை இன்னொருமுறை திறந்து பார்ப்பார். ஓய்வு பெற்றதும் அத்தனை சந்தேகத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் மூன்று மாதம் தவித்தார். பிறகு பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளின் மேல் வைத்தார்.

நான் எங்கள் ஊர் 'கரடி' விடுதியில் இருபத்தாறு வருஷமாகப் பரிமாறுகிறவள். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் எங்கள் பின்னறையில் துப்பாக்கி சேகரிப்பவர்களின் சங்கம் கூடும். பதினோரு ஆண்கள், பதினோரு பிராந்திக் காபி, மேஜைமேல் ஒரு பச்சைக் கம்பளித் துணி. உள்ளே குண்டில்லை என்று திறந்து காட்டிய பிறகே யாரும் துப்பாக்கியைத் துணிமேல் வைக்கலாம். நான் ஒரே ஒருமுறை அந்தத் துணியில் காபியைச் சிந்தினேன். பதினாலு வருஷமாகச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

யாராவது புதிதாக ஒன்று வாங்கி வந்தால் ஏஷ்லிமன்தான் பார்க்கவேண்டும். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி வெளியே வரும். எண்களின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, தேய்த்து மெருகு போட்டதில் மழுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். சின்னச் சின்ன பாகங்களிலும் அதே எண்தானா என்று பார்ப்பார். கடைசியாகத் திருகாணிகள். தலையிலுள்ள வெட்டில் ஒரு கீறல் இருந்தால் போதும், நோட்டுப் புத்தகத்தில் "கைபட்டது" என்று எழுதிவிடுவார். அதற்குமேல் அப்பீல் கிடையாது. அந்தப் பூதக்கண்ணாடியை அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததுமில்லை. ஒருமுறை என் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்து பில் படிக்கக் கேட்டேன். "இது பில்லுக்கு இல்ல" என்றார். அன்றைக்கு அவருக்குக் காபி ஆறித்தான் போயிற்று.

கெர்பர் என்ற ஓய்வு பெற்ற கசாப்புக்காரர் தன் மாமனாரின் துப்பாக்கியைப் பெருமையாகக் கொண்டுவந்தபோதும் இதே தீர்ப்புதான். மாமனார் என்றைக்கோ பேனாக்கத்தியால் திருகாணியை நெம்பியிருக்கிறார். கெர்பர் முகம் சிவந்து எழுந்து போனவர், அடுத்த மாதம் வந்தாலும் ஏஷ்லிமனுக்கு எதிர்க் கோடியில்தான் உட்கார்ந்தார்.

ஏஷ்லிமனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. 1919இல் செய்த பாராபெல்லம் வகை ராணுவக் கைத்துப்பாக்கி, ஒரு கேப்டனின் விதவையிடம் வாங்கியது. அதன் கைப்பிடியின் இரண்டு மரத் தகடுகளையும் பிடித்திருக்கும் திருகாணிகள் ஆயுதச்சாலையை விட்டு வந்த நாள்முதல் திருகப்படாதவை என்பது அவருடைய வாழ்நாள் பெருமை. துருவும் கிடையாது. "அந்தக் காலத்து ராணுவ எண்ணெய் இன்னமும் உள்ள நிக்குது" என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக் கேட்டு, அந்த எண்ணெயை விடுதிக் கதவுகளுக்குப் போடலாமே என்று நினைத்ததுண்டு.

சங்கத்துக்கு ஐம்பது வயதானபோது, ஊராட்சி மன்றக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஒரே ஒரு துப்பாக்கியை வைப்பதாக முடிவானது. எல்லாரும் ஏஷ்லிமனைத்தான் பார்த்தார்கள். அப்போது எதிர்க் கோடியிலிருந்து கெர்பர் எழுந்தார். தகடுகளின் உட்பக்கத்திலும் எண் குத்தியிருக்கும், அதைப் பார்க்காமல் அசல் என்று சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். பாலைக் குடித்துப் பார்க்காமல் சான்றிதழ் கொடுப்பாரா என்றும் கேட்டார். மற்ற ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். திறக்காவிட்டால் கெர்பருடையதுதான் பெட்டிக்குப் போகும்.

ஏஷ்லிமன் ஒரு மாதத்தில் பாதியாக இளைத்துப்போனார். திறந்தால் தொடாத திருகாணி தொட்டதாகிவிடும். திறக்காவிட்டால் உள்ளே என்ன எண் என்று எவருக்கும் தெரியாது, அவருக்கும் சேர்த்துத்தான். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அடுத்த மாதச் சனிக்கிழமை துப்பாக்கி பச்சைத் துணிமேல் கிடந்தது. ஏஷ்லிமன் திருப்புளியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அந்த நேரம் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கு அவரை அழைத்துப் போக மனைவி ரோஸ்லி உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்தார். ரோஸ்லி கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகள் என்பது ஊருக்கே தெரியும்.

"நகரு எர்வின். நான் தொறக்கறேன்."

திருகாணி சத்தமில்லாமல் சுற்றி வந்தது. எண்ணெய்க் கறை படாமல் ஒரு காகிதத் துவாலையை விரித்து, இரண்டு தகடுகளையும் எடுத்து மல்லாக்க வைத்தார். எண் அசல்தான், துப்பாக்கியில் இருந்த அதே எண். ஏஷ்லிமன் ஜெயித்த முகத்தோடு கெர்பரைப் பார்க்கக்கூட ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் எண்ணுக்குக் கீழே பென்சிலில் இருந்ததைப் படித்தார். மே மாதத் தேதிகள், ஒரு வருஷமும் விடாமல் பன்னிரண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "ரோ.ஏ." என்று பொடி எழுத்தில்.

கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் திறந்த கடிகாரத்தின் மூடிக்கு உள்ளே தேதி போட்டுவைப்பார்கள். ரோஸ்லிக்கு அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

"நீயா?" என்றார் ஏஷ்லிமன்.

"வருஷா வருஷம் துப்பாக்கி சுடற விழாவுக்கு ரெண்டு நாள் போவியே, அப்பதான். மொத வருஷமே மரத் தகட்டுக்கடியில துரு பிடிக்க ஆரம்பிச்சிருந்துது. திருகாணியத் தொட்டா உனக்கு மூச்சு நின்னுடும்னு தெரியும். அதான் சொல்லல."

"அப்ப அந்த ராணுவ எண்ணெய்?"

"தையல் மெஷின் எண்ணெய்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடலாம் என்று பார்த்தேன், ஆனால் முடிவைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. அந்த மனிதர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

முதலில் பேசியது கெர்பர். "அழிரப்பர் வெச்சு அழிச்சுட்டு மூடிடுங்க, ஏஷ்லிமன். திருகாணியில ஒரு கீறலும் விழல. இங்க ஒருத்தரும் வாயத் தொறக்கமாட்டாங்க" என்றார். கெர்பரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைக்கவேயில்லை.

ஏஷ்லிமன் தகடுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அழிச்சா அதுதான் கலப்படம்" என்றார்.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, தன் துப்பாக்கிக்கு நேராக எழுதி, எல்லாரும் கேட்க வாசித்தும் காட்டினார். எண்கள் அசல். கைபட்டது, பன்னிரண்டு முறை. ஒரே கை. அத்தோடு, கண்ணாடிப் பெட்டிக்குக் கெர்பருடையது போகட்டும் என்றார். கெர்பர் முடியாது என்று அடம்பிடித்தார். அரை மணிநேர வாக்குவாதத்துக்குப் பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, ஏஷ்லிமனுடையதின் தகடுகளைக் கழற்றி பென்சில் எழுத்து தெரிகிற மாதிரி வைப்பது என்று முடிவானது. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, உருளைக்கிழங்கைத் துருவி வார்த்த என் ரோஸ்டி அடையின் அடி கருகிவிட்டது.

கிளம்பும்போது ரோஸ்லி துவாலையை மடித்தபடி, இந்த வருஷத்துக்கு இன்னும் தேதி போடவில்லை என்று நினைவுபடுத்தினார். ஏஷ்லிமன் சட்டைப் பையில் கைவிட்டார். பென்சிலைத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பூதக்கண்ணாடியை எடுத்து ரோஸ்லியின் கையில் கொடுத்தார்.

"துரு இருக்கான்னு மொதல்ல பாத்துடு" என்றார். "எனக்கு அவ்வளவாத் தெரியாது."