சத்தம் போடாத செல்வராஜ்

தேனி பஜாரில் எனக்குப் பாத்திரக்கடை. பக்கத்துக் கடைக்காரர் செல்வராஜும் நானும் ஞாயிறுதோறும் எங்காவது நடக்கப் போவோம். போன கோடையில் சுருளிப்பட்டிக்கு மேலே காய்ந்த ஓடை ஒன்றில் இறங்கினோம். பள்ளத்தில் மிச்சமிருந்த ஈரமணலில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் அப்பிக் கிடந்தன. நான் குனிந்து படமெடுத்தேன். அவர் கரைமேல் நின்றார். எங்களுக்கு நல்ல வெயில், மலையில்தான் மேகம் கருத்திருந்தது.

திடீரென்று பூச்சிகள் மொத்தமாகப் பறந்தன. நிமிர்ந்தால் செம்மண் தண்ணீர் சருகோடு வருகிறது. வேரைப் பிடித்துக் கரையேறிவிட்டேன், செருப்பு போய்விட்டது.

"நானும் இப்பத்தாண்ணே பாத்தேன்" என்றார் செல்வராஜ். நம்பினேன்.

சாயங்காலம் அவர் ஸ்டேட்டஸில் வீடியோ. தண்ணீர் தூரத்தில் வரும்போதே எடுத்திருக்கிறார். "இந்தா வருது பாருங்க" என்று மெதுவாகச் சொல்கிறார். என்னைக் கூப்பிடவே இல்லை. எங்கள் பக்கம், ஓடையில் நிற்பவன் பகையாளியாக இருந்தாலும் தண்ணீரைப் பார்த்தவர் சத்தம் போடுவார். கேட்டதற்கு, "அதான் ஏறிட்டீகளேண்ணே" என்றார்.

இப்போது தனியாகத்தான் நடக்கிறேன். மலை கருத்தால் ஓடையில் கால் வைப்பதில்லை. மற்ற நாட்களில் பட்டாம்பூச்சிகளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். அன்று எனக்குச் சொன்னது அவை மட்டும்தான்.