சிராங்கூன் பட்டிக்குக் கொண்டுபோன காளை

1904, சித்திரை மாதம். காலை ஏழு மணிக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கினேன். என்னோடு இறங்கியது ஒரு காங்கேயம் காளை. நாகப்பட்டினத்திலிருந்து வழியெல்லாம் எனக்குத்தான் தலை சுற்றியது. அது நிம்மதியாக அசைபோட்டது. காளையை ரிக்‌ஷாவில் ஏற்ற முடியாதே, சிராங்கூன் சாலைக்கு மூன்று மைலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

ஒன்பது மணி. மாட்டுப்பட்டி வைத்திருக்கும் காசிம் ராவுத்தர் வாசலுக்கே வந்து ஸலாம் சொன்னார். காளை அவருக்குத்தான். வெளிக்காளை வராமல், பட்டிக் காளைக்கே பசுக்கள் தலைமுறை தலைமுறையாக ஈன்று கன்றுகள் நோஞ்சானாகிவிட்டன என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கொட்டகைக்குள் ஒரு கிடாரியைத் தட்டிக்கொடுத்தார். "முன்னாடி வந்த நம்ம ஊர்க் காளைக்கும் இங்கத்து மலாய்ப் பசுவுக்கும் பொறந்தது, தம்பி. நம்ம ஊர்ப் பசுவெல்லாம் இந்த ஈரத்துல காய்ச்சல் கண்டு செத்துச்சு. இது உண்ணி கடிச்சாலும் அசையாது. இந்த மாதிரி மாட்டுக்குப் பாலும் குறையல."

அப்போது அவர் மகன் யூசுப் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தான். முந்தின நாள் பிறந்த பெண். அவன் மனைவி மைமூனா, கேலாங்கில் மாடு வைத்திருக்கும் மலாய்க்காரர் ஒருவரின் மகள்.

"அத்தா, நம்ம வழக்கப்படி நீங்கதான் இவ காதுல பாங்கு சொல்லணும்."

ராவுத்தர் கிடாரியின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. "நம்ம ரத்தத்துல கலப்பே கிடையாது. அதைத் தூக்கிட்டுப் போ."

அது என்றார், சொந்தப் பேத்தியை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கிடாரியின்மேல் கைவைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல ஒரு மனிதருக்கு வாய் எப்படி வருகிறது? மாடு பிழைக்க வெளி ரத்தம் வேண்டுமாம். பிள்ளைக்கு மட்டும் அது களங்கமாம். வெட்கமில்லாத பேச்சு. காளையை அவிழ்த்தேன்.

"தம்பி, காளை இல்லாம என் பட்டி அழிஞ்சுடும்."

"உங்க காளையே போதும், ராவுத்தரே. கலப்பு வராது."

தெருவில் யூசுப் திகைத்து நின்றான். கயிற்றை அவனிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கினேன். நானும் தொழுகிறவன்தான்; வலது காதருகே குனிந்து, தொழுகைக்கு அழைக்கும் பாங்கை நானே சொன்னேன். தகப்பன் அழுதான்; குழந்தை அழவில்லை.

வாரக் கடைசியில் கப்பல் ஏறினேன். கோபம் இன்றுவரை தணியவில்லை. எங்கள் ஊரிலும் காசிம் ராவுத்தர்களுக்குப் பஞ்சமில்லை. காளையை மட்டும் திருப்பிக் கொண்டுவரவில்லை. கேலாங்கில் மைமூனா வீட்டுப் பசுக்களோடு விட்டுவிட்டு வந்தேன்.