முந்நூற்று நாற்பது பேர் உண்ட பதினாறாம் நாள்

2020 ஏப்ரல் 6: 684 வெள்ளி
ஏப்ரல் 7: 203 வெள்ளி
ஏப்ரல் 10: 96 வெள்ளி
ஏப்ரல் 13: 71 வெள்ளி

இவை சந்தர் ரோட்டில் லீலா நடத்தும் சாப்பாட்டுக் கடையின் வரவு. கிருமிக்குப் பயந்து ஊர் அடங்கிய முதல் வாரம் அது. கடை திறந்த நாள் முதல் அதற்குக் கணக்கு எழுதுபவன் நான்.

லீலா செம்பவாங்கில் பிறந்தவர். கணவர் தனசேகரன் இறந்தபின் 1999இல் இந்தக் கடையைத் தொடங்கினார். ஞாயிறுதோறும் ஜூரோங் தொழிலாளர் விடுதியிலிருந்து ஒரே அறையில் தங்கும் பன்னிரண்டு பேர் வந்து சாப்பிடுவார்கள். விடுதி பூட்டப்பட்டதும் அவர்களை நினைத்துக்கொண்டே இருந்தார். சித்திரைப் பிறப்பன்று பன்னிரண்டு டப்பாப் பாயசம் செய்து, அந்த விடுதிக்குச் சாப்பாடு அனுப்பும் முனீராவின் வேனில் ஏற்றிவிட்டார். ஒருவரும் அதைத் தொடவில்லை, பக்கத்து அறைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வேன் ஓட்டுநர் வந்து சொன்னார்.

லீலாவுக்குச் சுருக்கென்றது. அந்த அறையின் ரத்னவேலை அழைத்தார்.

"என்ன தம்பி, என் பாயசம் கசந்துபோச்சா?"

"நேத்து அப்பா தவறிட்டாருக்கா."

துக்க வீட்டுக்கு இனிப்பு அனுப்பியிருக்கிறார். லீலா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"மத்தவங்களாவது குடிச்சிருக்கலாமேப்பா."

"சொன்னேன்க்கா, கேக்கல. இந்த ரூமுக்கு இந்த வருஷம் நல்ல நாளே இல்லைன்னுட்டாங்க. அதுல ரெண்டு பேரு பங்களாதேஷ்."

ரத்னவேல் ஒரே மகன். விமானம் இல்லாததால் சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். "பதினாறாம் நாள் படையலாவது நான் போடணும்க்கா. இங்க வர்ற பொட்டலத்தை அப்பா முன்னாடி எப்படி வைக்கறது?"

அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று லீலா கேட்டார். மொச்சை போட்ட கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய் வறுவல், பருப்பு வடை.

இவற்றை வேனில் அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு முனீரா கையை விரித்தார். "சித்திரைக்கு விட்டதே பெருசு. இனிமே தனிப் பொட்டலம் உள்ள போகாது லா."

"ஒரு இலைக்குத்தானேம்மா கேக்குறேன்."

"ஒருத்தருக்குன்னாதான் கேப்பாங்க. எல்லாருக்கும் அதே சாப்பாடுன்னா யார் கேக்கப்போறா? அந்த வேனுக்கு மெனு போடறது நான்தானே. முந்நூத்தி நாப்பது பேருக்கு வடை தட்டுவீங்களா?"

"உன் அடுப்பு தாங்குமா, அதைச் சொல்லு."

"என் கிச்சன்ல நின்னுகிட்டு என்னைத் திட்டக்கூடாது."

"அது என்னால முடியாதும்மா."

செய்தி தேக்கா சந்தையில் பரவியது. காய்கறிக்காரர் ஒருவர் கத்தரிக்காயைக் கூடை கூடையாக இறக்கிவிட்டு விலை சொல்லாமல் போனார். மூடிக்கிடந்த பூக்கடையின் பெண்கள் வாழையிலையை உள்ளங்கை அளவுக்கு நறுக்கித் தந்தார்கள். ஒரு டப்பாவில் மட்டும் இலை இருந்தால் கேள்வி வரும் என்று எல்லா டப்பாவிலும் ஒவ்வொன்று வைத்தார்கள். முனீராவின் ஆட்கள் மொச்சை உரித்தார்கள். ஏப்ரல் 28 அன்று லீலா வடை தட்டினார், இடையிடையே முனீராவைத் திட்டவும் செய்தார்.

அன்று மதியம் கைபேசித் திரையில் நாங்கள் பார்த்தோம். தட்டின்மேல் அந்தச் சின்ன இலைகள் பன்னிரண்டையும் சேர்த்துப் பரப்பி, அப்பாவின் படத்துக்கு முன் ரத்னவேல் படைத்தான். பதினொரு பேரும் பின்னால் கைகட்டி நின்றார்கள். அவன் விழுந்து கும்பிட்டு எழும்வரை யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவன் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கும் ஊரடங்கு. "இங்க சாப்பிட நாலு பேர்கூட வரலடா. அந்த மனுஷன் எத்தனை பந்தியில பரிமாறினவரு."

"இங்க முந்நூத்தி நாப்பது பேரு சாப்பிடறாங்கம்மா," என்றான் ரத்னவேல்.

அதன்பின் அந்த அம்மா லீலாவுக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். தொலைபேசியில் பேசினால் அழுகை வந்துவிடுகிறதாம். ரத்னவேல் 2021 மார்ச்சில் ஊர் திரும்பினான். தலைத் திதியை மகன் தன் கையாலேயே கொடுத்தான், ஊரே வந்து சாப்பிட்டது என்று கடைசிக் கடிதத்தில் இருந்தது. அது வந்து சேர்ந்த நாள் 2021 ஏப்ரல் 19.