பின்சீட்டில் நீண்ட கை

ஹாரன் அடிக்கக்கூடக் கூச்சப்படுகிறவன் நான். முன்னால் போகிறவரை அதட்டுவது போல இருக்கும்.

மதுரையில் கடை வேலை முடிந்து பைக்கில் வந்தால், சமயநல்லூர் தாண்டி, நாலுவழிச் சாலையின் இடது ஓரத்திலிருந்து வலது பக்கம் குறுக்கே போய்த்தான் எங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும். என் மனைவிக்கும் டவுனில் தையல் வேலை. சேர்ந்தே வருவோம். திருப்பம் நெருங்கியதும், ஒருபக்கமாக உட்கார்ந்தபடியே உடம்பைத் திருகிக் கையை வலது பக்கம் நீட்டிவிடுவாள். இண்டிகேட்டரை இங்கே யார் பார்க்கிறார்கள்? பெண்பிள்ளை கை நீட்டினால் லாரிகூட வேகம் குறைக்கும். வளையல் சத்தம் கேட்டதும் திருப்புவேன். நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. உரசிப் போகிறவனை, "கண்ணு என்ன முதுகுலயாடா இருக்கு?" என்று எனக்கும் சேர்த்து அவளே ஏசிவிடுவாள்.

போன வருடம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், பழக்கத்தில் பார்க்காமலே திருப்பிவிட்டேன். பின்னால் ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. "யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று அதை ஓட்டியவன் கத்தினான். சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வண்டியை விற்கச் சொன்னாள். எங்கள் ஊருக்கு நேரத்துக்கு பஸ் கிடையாது. வண்டி இல்லாவிட்டால் வேலையும் இல்லை. பகலும் அந்த வீட்டில்தான் தனியாகக் கிடக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஓரத்தில் நிறுத்தி, பின்னால் வண்டிச் சத்தம் ஓயும் வரை காத்திருப்பேன். திரும்பிப் பார்த்தால் முதலில் காலி சீட்தான் தெரியும். உடனே முன்னால் திரும்பிக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் பக்கத்தில் ஒரு பைக் வந்தது. பின்னால் இருந்த பெண், "எம்புட்டு நேரமாண்ணே நிப்பீங்க? எங்க கூடவே வாங்க" என்று கையை நீட்டினாள். வேன் ஒன்று வேகம் குறைத்தது. மூவரும் கடந்தோம்.

நன்றி சொல்ல நினைத்தேன். ஹாரனை ஒருமுறை அமுக்கினேன்.

"ஏங்க, சைடு ஸ்டாண்டு எடுக்கலபோல. அண்ணே சொல்றாரு பாருங்க" என்றாள். அவன் காலால் துழாவி, "எடுத்துத்தான் இருக்குண்ணே!" என்று சிரித்தான். நானும் தலையாட்டினேன். போய்விட்டார்கள்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. கழுத்தைத் திருப்பினேன். காலி சீட் தெரிந்தது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு லாரி, ஒரு பஸ். இரண்டையும் போகவிட்டுத் திருப்பினேன்.