ரிஜெக்ட் பீஸ் வாங்கிக் கொடுத்த மரியாதை

2008-ஆம் வருடம், பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போன நேரம். எனக்கு வீடு பல்லடத்தில். வேலை, திருப்பூர் போகும் வழியில் அருள்புரத்தில் இருந்த ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில். செக்கிங் செக்ஷனில் நின்று, தைத்து வரும் துணிகளில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. வீட்டிலும் அதையேதான் செய்கிறேன் என்று என் மனைவி சொல்வதுண்டு.

அப்போது என்னிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. நாங்கள் மூன்று பேர் சாப்பிடுவதைவிட அது அதிகம் குடித்தது. பஸ்ஸில் போகலாம் என்றால், ஷிப்ட் நேரத்துப் பஸ்ஸில் படிக்கட்டில்கூட கால் வைக்க இடம் இருக்காது. அதில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஒரு மாதக் கடைசியில் என் மனைவி, கோபமே இல்லாமல், நிதானமாகச் சொன்னாள்: "ஏனுங்க, இனி ஒண்ணு வண்டி திங்கோணும், இல்லீன்னா நாம திங்கோணும். எதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க."

நாங்களே சாப்பிடுவது என்று முடிவானது. மொபெட்டை மச்சினனிடம் ஓட்டக் கொடுத்துவிட்டு, பரணில் கிடந்த சைக்கிளை இறக்கினேன்.

அந்தச் சாலையில் காலை நேரத்தில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். தார் ரோடு முழுவதும் கார்களுக்கும் லாரிகளுக்கும் கம்பெனி வேன்களுக்கும். நமக்கு ஓரத்துச் சரளைக்கல் மண். ஒருநாள் அதிலும் ஒரு கார் என்னை இடதுபக்கமாக நெருக்கித் தள்ள, முள்வேலிக்குள் போய் விழுந்தேன். டிபன் பாக்ஸ் திறந்து தயிர்சாதம் முழுவதும் வேலிக்குப் போனது. கார்க்காரர் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "ஓரமாப் போகக் கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் இடித்துத் தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். இதற்குமேல் ஓரமாகப் போவதென்றால் வேலிக்கு அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று கத்தினேன். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

அந்தச் சமயம் எங்கள் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்த ஆர்டர் ஒன்று உண்டு. வெளிநாட்டில் ரோட்டு வேலை செய்கிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் போடும் டி-ஷர்ட். கண்ணைக் குத்துகிற மஞ்சள். நெஞ்சிலும் முதுகிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற வெள்ளிப் பட்டை. முதுகில் பெரிய எழுத்தில் பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர். அந்தப் பெயரோடு ஒரு பீஸ்கூட வெளியே போகக் கூடாது என்பது பையர் போட்ட சட்டம். ரிஜெக்ட் ஆனதை எல்லாம் இரண்டாக வெட்டிவிட வேண்டும். எடுத்துப் போனவரை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் இரண்டு பேர் அப்படிப் போயிருந்தார்கள். அந்த வருடக் கடைசியில் ஆர்டர்கள் குறைந்து, எந்தக் கம்பெனியிலும் ஆள் எடுக்காத நிலைமை வேறு.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஒன்றை எடுத்தேன். இடது கை வலது கையைவிட முக்கால் இன்ச் நீளம் என்று நானே ரிஜெக்ட் செய்த பீஸ். நாளைக்கு வெட்டிப் போடப் போகிறதுதானே, வேலிக்குள் விழுகிறவனுக்காவது உதவட்டுமே என்று மனசுக்குள் நியாயம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் அதை உள்ளே போட்டு, மேலே என் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். உள்ளே இருந்த மஞ்சள் என் கழுத்திலும் முகத்திலும் அடித்ததில் வாட்ச்மேன் என்னையே உற்றுப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ, காமாலை முற்றுவதற்குள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிக்கச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். என்னால் நம்பவே முடியவில்லை. எனக்குப் பின்னால் வந்த கார்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்தன. ஹாரன் சத்தமே இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு கார் பக்கத்தில் வந்து மெதுவாக உருண்டது. ஓட்டியவர், "ஏனுங்க சார், முன்னால ரோட்டு வேலை ஏதாச்சும் நடக்குதுங்களா?" என்று கேட்டார். நான் சைக்கிளை மிதித்தபடியே, இன்றைக்கு இல்லை, போகலாம் என்று உத்தரவு கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் கார் வைத்திருக்கிற ஒருவர் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மரியாதை தலைக்கு ஏறுவதற்கு அதிக நாள் ஆகவில்லை. முதலில் கம்பெனிக்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே ஒரு டீக்கடையின் பின்புறம் போய்ச் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவேன். பிறகு கம்பெனித் திருப்பம்வரை போட்டுக்கொண்டு போனேன். அங்கே எங்கள் கம்பெனிப் பெண்கள் ரோட்டைத் தாண்ட முடியாமல் கூட்டமாக நின்றுகொண்டிருப்பார்கள். நான் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையைத் தூக்குவேன். இரண்டு பக்கமும் லாரி முதற்கொண்டு நிற்கும். பெண்கள் சிரித்துக்கொண்டே தாண்டுவார்கள். எல்லாம் என் கையில் இருக்கிற ஏதோ ஒரு சக்தி என்றுதான் நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. எங்கள் மேனேஜர் பத்து மணிக்குமேல்தான் வருவார் என்பதால் பயமும் விட்டுப் போயிருந்தது.

ஒருநாள் காலை வழக்கம்போலக் கையைத் தூக்கினேன். முன்னால் ஒரு வெள்ளைக் கார் நின்றது. பின்சீட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கேமராவோடு இறங்கினார். என்னைப் படம் எடுக்க வேண்டும் என்று சைகை காட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தூக்கிய கையை இன்னும் கொஞ்சம் தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். திரும்பி நிற்கச் சொன்னார். திரும்பி முதுகையும் காட்டினேன். மறுபடி முன்னால் திரும்பியபோதுதான் காரின் இன்னொரு கதவு வழியாக எங்கள் மேனேஜர் இறங்கி நிற்பதைப் பார்த்தேன். என் முதுகில் இருந்த பெயர் அந்த வெள்ளைக்காரருடைய கம்பெனியின் பெயர் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த ஆர்டரின் கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்காக வந்தவர் அவர்.

வேலை போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் பல்லடத்துக்கே மிதித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டில் போய் என்ன சொல்வது? பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் போய்ச் சம்பளத்தையே தொலைத்தேன் என்றா? ஆறு வயது மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுவிட்டு உள்ளே போனேன். உட்காரக்கூட இல்லை, கூப்பிட்டுவிட்டார்கள். அந்தச் சட்டையோடேயே வர வேண்டுமாம்.

மேனேஜரின் அறையில் வெள்ளைக்காரர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். மேனேஜரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறாமலே என்னிடம் தமிழில் சொன்னார்: "நீங்களும் சிரிச்சுட்டே கேளுங்க. துணி எத்தனை நாளைக்குத் தாங்குதுன்னு பாக்க, இதைப் போட்டு ஓட்டச் சொன்னதே நாந்தானுங்க. புரிஞ்சுதுங்களா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பையர் பீஸ் கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் என் வேலை மட்டுமல்ல, கம்பெனியின் ஆர்டரே போய்விடும். அதனால் மனுஷன் ரோட்டிலேயே ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறார். இது எங்கள் 'வேர் டிரையல்', போட்டுப் பார்க்கிற சோதனை; ஒரு தொழிலாளி தினமும் போட்டு, துவைத்து, சைக்கிள் ஓட்டிச் சோதிக்கிறார் என்று.

வெள்ளைக்காரருக்கு ஒரே சந்தோஷம். அவரும் அவர் ஊரில் ஆபீசுக்குச் சைக்கிளில்தான் போகிறாராம். சட்டை எப்படி இருக்கிறது என்று என்னிடமே கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் செக்கிங் டேபிளில் படித்தது, அத்தனையும் குறைகளின் பெயர்கள். பயத்தில் அதையே ஒப்பித்தேன். "நோ ஹோல். நோ ஸ்டெய்ன். டேப் ஓகே. லெஃப்ட் ஸ்லீவ் லாங்."

மேனேஜரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. வெள்ளைக்காரர் இன்ச் டேப்பை எடுத்து என் இரண்டு கைகளையும் அளந்தார். முக்கால் இன்ச். தலையை ஆட்டிவிட்டு, பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இரண்டு மாதம் துவைகல்லில் அடி வாங்கியும் அது உரிந்திருக்கவில்லை. போட்டுக்கொண்டிருக்கும்போதே தன் சட்டையின் குறையைச் சொல்கிற ஆள் செக்கிங்கில் இருந்தால் சரக்கை நம்பலாம் என்று சொன்னாராம். ஷிப்மென்ட் பாஸ். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இந்தச் சோதனை இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும், தினமும் எழுதி அனுப்ப வேண்டும் என்று அவர் கேட்டுவிட்டுப் போனார். மேனேஜர் என்னைத் திட்டவில்லை. ஒரு நோட்டை நீட்டி, "பொய்யை நிஜமாக்கிப் போடுங்க" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே மச்சினன் புது பைக் வாங்கி, மொபெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். சோதனை முடியும்வரை அதைத் தொட முடியுமா? அது வாசலில் நிற்க, நான் மழையிலும் வெயிலிலும் மஞ்சள் சட்டையில் சைக்கிள் மிதித்தேன். திருடிய குற்றத்துக்கு எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான்.

மூன்று மாதம் முடிந்ததும் சட்டையைப் பார்சலில் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் என் பழைய வெள்ளைச் சட்டையில் கிளம்பினேன். திருப்பத்தில் பெண்கள் காத்திருந்தார்கள். பழக்கத்தில் ரோட்டில் இறங்கிக் கையைத் தூக்கினேன். ஒரு காரும் நிற்கவில்லை. ஒன்று என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. நான் தாவிச் சரளைக்கல்லில் போய் விழுந்தேன். அதே கை, அதே நான். எங்கள் செக்‌ஷன் பெண் ஒருத்தி ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டு, நிஜமான கவலையோடு கேட்டாள்: "சட்டை எங்கீங்கண்ணா?"

முழங்கை எரிந்ததைவிட அந்தக் கேள்விதான் எனக்கு அதிகமாக எரிந்தது. ஐந்து மாதமாக எனக்குக் கிடைத்ததாக நான் நினைத்திருந்த மரியாதை, இடது கை நீளமான ஒரு ரிஜெக்ட் துணிக்குக் கிடைத்தது. வெறும் மனுஷர்களாக நின்ற அந்தப் பெண்களுக்கும் எனக்கும் அந்த ரோட்டில் அது ஒரு நாளும் கிடைத்ததே இல்லை. இன்றைக்கு நானும் ஒரு சின்னக் கார் வைத்திருக்கிறேன், அதே சாலையில்தான் ஓட்டுகிறேன். சாதாரணச் சட்டையில் ஒருவர் முன்னால் சைக்கிள் மிதித்துப் போனால், எவ்வளவு அவசரமானாலும் ஹாரன் அடிக்க எனக்குக் கை வருவதில்லை.