அக்காவை நடக்க விட்டிருக்கலாம்

அக்கா போன அன்று கூடத்தில் இருந்தவர்கள்: அக்காவின் மகன், மருமகள், மருமகளின் தாயார், தங்கையாகிய நான். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வழக்கம்போல் நாற்காலியில் இருந்தார். தலை சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மருமகள் காபியோடு வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

வருடம் திரும்பிவிட்டது. இந்த நினைவு மலருக்கு அக்காவின் நற்குணங்களை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன், வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தென்னேரி. வாழ்க்கைப்பட்டது உத்திரமேரூர் பக்கம். மாமா சின்ன வயதிலேயே காலமாகிவிட, நடவு, களையெடுப்பு என்று ஊர் ஊராக நடந்துபோய் வேலை செய்து மகனைப் படிக்க வைத்தார். அந்த நாட்களில் ஒரு காய்ச்சல் என்று அவர் படுத்ததில்லை. யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதும் இல்லை. பேசியிருக்கலாம்.

மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போனான். மாடி வீடு கட்டினான். "இனிமே நீ ஒரு வேலையும் செய்யக் கூடாதும்மா. ராணி மாதிரி குந்து" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அக்காவும் சந்தோஷமாக உட்கார்ந்தார். குடிக்கிற தண்ணீர்கூட நாற்காலிக்கே வந்தது. கொஞ்ச காலத்தில் உடம்பு பெருத்தது, கால் வீங்கியது, சர்க்கரை வந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். "நாள் பூரா உட்கார்ந்தே இருந்தா மாத்திரை மட்டும் என்னம்மா பண்ணும்? அப்பப்ப எழுந்திருங்க. சாயந்தரம் நல்லா நடங்க" என்றார் டாக்டரம்மா. எனக்கு பயம் பிடித்துக்கொண்டது. தினமும் போய் அக்காவைக் கிளப்பினேன். ஏரிக்கரை மேல் நடப்போம். அக்கா கையில் ஒரு காலி பால் கேன் இருக்கும்.

"இத எதுக்குக்கா தூக்கினு வர்ற?"

"வெறுங்கையோட நடந்தா பைத்தியம்னுவாங்கடி. கேன் இருந்தா எங்கியோ பால் வாங்கப் போவுதுன்னு நெனச்சிக்குவாங்க."

கால் வீக்கம் வடிந்தது. சர்க்கரையும் குறைந்தது. டாக்டரம்மா சிரித்த முகத்தோடு அனுப்பினார்.

அப்புறம் ஒரு காதுகுத்து. பந்தியில் அத்தனை பேர் நடுவில் எங்கள் பெரியப்பா மகன் அக்காவின் மகனைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா மாப்ள, உங்கம்மா தெனம் காலி கேன் எடுத்துக்கினு ஏரிக்கரை மேல சுத்துதாமே. எந்த மாட்டுல கறக்குது?"

பந்தியே சிரித்தது.

"டாக்டர் நடக்கச் சொல்லிக்கீறாங்கண்ணே" என்றேன்.

"நம்மூட்டுப் பொம்பளைங்க வேல வெட்டி இல்லாம என்னிக்கிம்மா நடந்தாங்க?"

அந்த அண்ணனுக்கும் இந்த மலர் போகும். படிக்கட்டும். ஆண்கள் டீக்கடைக்கு எத்தனை தடவை நடந்தாலும் ஊர் கேட்காது. பெண் தன் உயிருக்காக நடந்தால் கேலி.

அன்றே மகன் சொல்லிவிட்டான்: "மானம் போவுதும்மா. வூட்டோட குந்து." அக்கா பால் கேனை உள்ளே வைத்துவிட்டார். நான் போய்க் கூப்பிட்டாலும், "வோணாம்டி, அவன் கோச்சிக்குவான்" என்பார். கால் திரும்ப வீங்கியது, நாற்காலியை விட்டு எழவே மூச்சு வாங்கியது. கடைசியில் மாரடைப்பு என்றார்கள். விதி என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

காரியங்களுக்கு உதவிய உறவினர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உண்மையைச் சொன்ன டாக்டரம்மாவுக்குத் தனியாக என் நன்றி.

இன்னொன்று. மருமகள் வீட்டில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவள். இப்போது அவளுக்கும் சர்க்கரை என்று தெரிந்திருக்கிறது. நேற்று சாயங்காலம் நடக்கக் கூப்பிடப் போனேன்.

"ஊர்ல பேசுவாங்க சின்னம்மா" என்றான் மகன்.

"பேசட்டும். பேசறவங்களுக்கு சக்கர ஏறாது. உம் பொண்டாட்டிக்குத்தான் ஏறும்" என்றேன்.

அவள் மெஷினை மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வழி விட்டான்.